நாலு பேருக்கும் சமம்: ஆர்.இ.எம். வளர்ந்ததும் கலைந்ததும்

ஆங்கில ராக் இசையைக் கேட்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்ற பெயரில் வந்து நிற்பார்கள். ஆல்டர்நேட்டிவ் என்றால் மாற்று. சரி, எதற்கு மாற்று? பாட்டைப் போட்டுக் கேட்டால் அதே கிட்டார், அதே டிரம்ஸ், அதே நாலு நிமிடம். ஒரு பேண்ட் காதைக் கிழிக்கிறது, இன்னொன்று தாலாட்டுகிறது, இரண்டுக்கும் இதே பெயர்தான். ஓசையை வைத்துப் பார்த்தால் இந்தப் பெயர் புரியவே புரியாது. பாட்டு எந்த வழியாகக் கேட்பவரிடம் வந்து சேர்ந்தது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு ராக் பாட்டு நாடு முழுக்கக் கேட்க வேண்டுமானால் அதற்குப் பெரிய வாசல்கள் சிலதான் இருந்தன. பெரிய ரெக்கார்ட் கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும். விளம்பரக் காசில் ஓடும் வானொலிகள் ஒலிபரப்ப வேண்டும். 1981 ஆகஸ்டுக்குப் பிறகு, பாட்டு வீடியோக்களைப் போடும் எம்.டி.வி. சேனலும் காட்ட வேண்டும். இந்த வாசல்களில் இடம் கிடைக்காதவர்கள் பக்கவழியாகப் போனார்கள். நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன லேபிள் (ரெக்கார்ட் கம்பெனியை அப்படியும் சொல்வார்கள்), நூறு பேர் நின்றாலே நிறைந்துவிடும் கிளப், ரசிகர்களே ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்த பத்திரிகை, அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாகக் காலேஜ் ரேடியோ.

காலேஜ் ரேடியோவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களே நடத்தும் எஃப்.எம். நிலையங்கள் உண்டு. பல நிலையங்களின் அலைவரிசை ஊர் எல்லையைத் தாண்டாது. விளம்பரதாரரின் தயவு தேவையில்லை என்பதால் இதைப் போடு, அதைப் போடாதே என்று சொல்ல ஆள் கிடையாது. இரவு பதினொரு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ பிடித்துவிட்டால் போதும், பாட்டு ஒலிக்கும். அப்படி ஒலித்த இசையை முதலில் ‘காலேஜ் ராக்’ என்றுதான் சொன்னார்கள். பெரிய கம்பெனிகளும் அதை விற்க ஆரம்பித்த பிறகு ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற சொல் கடை அலமாரிகளில் நிலைத்துவிட்டது.

அந்தப் பக்கவழியில் புறப்பட்டு, அவசரப்படாமல் நடந்தே நடுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த பேண்ட் ஆர்.இ.எம். 1980-இல் தொடங்கி 31 வருடம் இருந்தது. 2011-இல் கலைந்தது. ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் என்ன, ஒரு பேண்ட் எப்படி வளர்கிறது, ஏன் கலைகிறது என்ற மூன்று கேள்விக்கும் இந்த ஒரு பேண்டை வைத்தே பதில் சொல்லிவிடலாம். நாலு பேரும் ஆரம்பத்திலேயே தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடுதான், என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உயிர். அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் ஏதென்ஸ் என்று ஓர் ஊர். ஜார்ஜியா பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி இசைத் தொழில் நடக்கும் ஊர் இல்லை. ஆனால் தி பி-52ஸ் என்ற பேண்ட் அங்கிருந்து கிளம்பிப் போய்ப் பெயர் வாங்கியிருந்தது. அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நம்மாலும் முடியும் என்று ஒரு தைரியம். அந்த ஊரில் வக்ஸ்ட்ரி என்ற ரெக்கார்ட் கடையில் பீட்டர் பக் வேலை பார்த்தார். தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைக்கும் ரெக்கார்டுகளையே ஓவியம் படிக்கும் ஒரு மாணவர் தேடி வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர்தான் மைக்கேல் ஸ்டைப். இருவருக்கும் பேட்டி ஸ்மித் என்ற ராக் பாடகியின் இசை மேல் பித்து. பேச்சு வளர்ந்தது. மைக் மில்ஸும் பில் பெர்ரியும் அதே மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில் பள்ளி நாளிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். அவர்களும் ஏதென்ஸுக்குப் படிக்க வந்திருந்தார்கள். ஸ்டைப் பாட்டு, பக் கிட்டார், மில்ஸ் பேஸ் கிட்டார், பெர்ரி டிரம்ஸ் என்று ஆயிற்று.

வழிபாடு நின்றுபோய் வாடகைக் குடியிருப்பாக மாறியிருந்த ஒரு பழைய தேவாலயத்தில், 1980 ஏப்ரல் 5 அன்று, தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் முதன்முதலாக வாசித்தார்கள். பேண்டுக்கு ஒரு நல்ல பெயர்கூட அப்போது அமையவில்லை. பிறகு அகராதியைப் புரட்டி ‘ஆர்.இ.எம்.’ என்பதை எடுத்துக்கொண்டார்கள். தூக்கத்தில் கனவு வரும் நேரத்தில் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையுமே, அதற்கு மருத்துவத்தில் வழங்கும் மூன்றெழுத்துச் சுருக்கம் அது. அந்தத் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் இன்றும் ஏதென்ஸில் நிற்கிறது.

இப்போது அந்த ஏற்பாட்டைப் பற்றி.

பதிவான ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, ஸ்டுடியோவில் பிடித்த ஒலி. இன்னொன்று, அந்த ஒலிக்கு அடியில் இருக்கும் மெட்டும் வரிகளும். இரண்டாவது சொத்துக்கு யார் பெயரில் பட்டா இருக்கிறதோ, அவருக்குத் தனியாக ராயல்டி வரும். ரெக்கார்டு விற்றாலும் வரும், வானொலியில் ஒலித்தாலும் வரும், வேறு யாராவது எடுத்துப் பாடினாலும் வரும். கிட்டார் வாசித்தவர், டிரம்ஸ் வாசித்தவர் என்பதற்காக இந்தப் பணத்தில் பங்கு கிடையாது. அட்டையில் ‘எழுதியவர்’ என்ற இடத்தில் பெயர் இருக்க வேண்டும்.

ஐந்தாறு வருடம் கழித்துப் பாருங்கள். ஒரே வேனில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிய நாலு பேரில், பாட்டெழுதியவர் வீடு வாங்கியிருப்பார். டிரம்ஸ் வாசித்தவர் அடுத்த மாத வாடகைக்கு யோசித்துக்கொண்டிருப்பார். ‘அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தியதே என் அடிதானே’ என்று அவருக்குள் ஒரு முள் தைக்கும். அடுத்த ஆல்பத்தில் தன் பாட்டும் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நிற்பார், அது சுமாரான பாட்டாக இருந்தாலும். மற்றவர்கள் வேண்டாம் என்பார்கள். பேண்டுகள் உடைந்தால் போதை, பொறாமை, தலைக்கனம் என்று பேசுகிறோம். கொஞ்சம் தோண்டினால் பல தடவை இந்தப் பட்டா விவகாரம் தட்டுப்படும்.

ஆர்.இ.எம். இதை முளையிலேயே கிள்ளிவிட்டது. யார் மெட்டுப் போட்டாலும், யார் வரி எழுதினாலும், பாட்டுக்குக் கீழே நாலு பெயரும் சேர்ந்தே வரும்: பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப். ஆங்கில அகர வரிசைதான், வேறு மூப்பு கிடையாது. பணமும் நாலு சம பங்கு. இன்னொரு விதியும் உண்டு. நால்வரில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் காரியம் நடக்காது. மூன்று பேர் கைதூக்கி நாலாமவரை அமுக்கிவிட முடியாது. கேட்க எளிதாக இருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் புரளும்போது முப்பது வருடம் அதைக் கட்டிக்காப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மற்ற பேண்டுகளின் கதையைப் படித்தால் தெரியும்.

சரி, பாட்டுக்கு வருவோம். அவர்களுடைய முதல் சிங்கிள் (தனி ரெக்கார்டாக விடும் பாட்டு) ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ 1981-இல் ஹிப்-டோன் என்ற மிகச் சின்ன லேபிளில் வந்தது. பதிவு செய்தவர் மிட்ச் ஈஸ்டர். வட கரோலினாவில் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையைத்தான் ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தார். இந்தச் சிங்கிளைக் காலேஜ் ரேடியோக்கள் பிடித்துக்கொண்டன. 1982-இல் ஐ.ஆர்.எஸ். என்ற லேபிள் அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

முதல் முழு ஆல்பத்துக்கு அந்த லேபிள் ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரோடு அவர்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார் அவர். பிறகு பதிவை எடுத்துப்போய் மேலே சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தார். அன்றைய வானொலிக்கு ஏற்ற பளபளப்பு அதுதான். நாலு பேரும் கேட்டுவிட்டு வேண்டாம் என்று மறுத்து, மறுபடி ஈஸ்டரிடமே போனார்கள். ஈஸ்டரும் டான் டிக்சனும் சேர்ந்து தயாரித்த அந்த ஆல்பம் ‘மர்மர்’, 1983 ஏப்ரலில் வந்தது. அட்டைப்படத்தில் ஆளே கிடையாது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் மரம், கம்பம், வீடு என்று பாராமல் படர்ந்து மூடும் குட்ஸு என்ற கொடிதான் அட்டை முழுக்க.

‘மர்மர்’ என்றால் முணுமுணுப்பு. பெயருக்கு ஏற்ற மாதிரி ஸ்டைப் பாடும் வார்த்தைகள் தெளிவாகவே கேட்காது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இதே நிலைமைதான், அதனால் நமக்குப் புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அவர் குரலும் அங்கே ஒரு வாத்தியம். பக் அந்தக் காலத்து ராக் கிட்டார்காரர்கள் மாதிரி எல்லாத் தந்தியையும் சேர்த்து அறைய மாட்டார், நடுவில் தனியாவர்த்தனமும் வாசிக்க மாட்டார். தந்திகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே போவார். மணி குலுங்குவது மாதிரி கேட்கும். மெட்டின் பாதி வேலையை மில்ஸின் பேஸ் கிட்டார் எடுத்துக்கொள்ளும். அவருடைய இரண்டாம் குரல் ஸ்டைப்பின் குரலுக்கு மேலே மிதந்து வரும். இந்த நெசவைத்தான் அடுத்த பத்து வருடம் அமெரிக்காவின் எத்தனையோ சின்ன பேண்டுகள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

அந்த ஆண்டு உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’. அமெரிக்க விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் ‘மர்மர்’ எட்டிய உச்சம் 36-ஆம் இடம். இருந்தும் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பமாக ‘மர்மர்’ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

1983 அக்டோபரில் டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சியில் முதன்முதலாக நாடு முழுவதும் தெரியும்படி தொலைக்காட்சியில் வாசித்தார்கள். அதை இப்போதும் இணையத்தில் பார்க்கலாம். முதல் பாட்டு முடிந்ததும் லெட்டர்மேன் பேச வருகிறார். பக்கும் மில்ஸும் பதில் சொல்கிறார்கள். பாடகர் ஸ்டைப் பின்னால் டிரம்ஸ் மேடையின் ஓரத்தில், முகத்தில் முடி விழ, ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது பாட்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்கிறார்கள். புது ஆல்பத்துக்கு விளம்பரம் தேடிக்கொள்ள வேண்டிய இடத்தில், பெயரே வைக்காத பாட்டை வாசித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தப் பேண்டை ரொம்பப் பிடித்துப்போனதற்கு அந்த ஐந்து நிமிடமும் ஒரு காரணம்.

அடுத்த சில வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஓர் ஆல்பம், மீதி நாளெல்லாம் டூர். எந்தக் கல்லூரி ஊருக்குப் போனாலும் அங்கே முதலிலேயே அவர்கள் பாட்டைப் போட்டுப் பழக்கிவைத்த ஒரு மாணவர் வானொலி இருக்கும். ஒரே பாட்டில் ஓஹோ என்று போகவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். 1987-இல் வந்த ‘டாக்குமென்ட்’ ஆல்பம் பில்போர்டில் பத்தாம் இடத்துக்கு வந்தது. அதிலிருந்த ‘தி ஒன் ஐ லவ்’ முதல் பெரிய ஹிட், ஒன்பதாம் இடம். பலர் அதைக் காதல் பாட்டு என்று நினைத்துக் காதலிக்கு அர்ப்பணிக்கிறார்கள். உண்மையில் ஆளைப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடுவதைப் பற்றிய கசப்பான பாட்டு அது. அந்த டிசம்பரில் ரோலிங் ஸ்டோன் அவர்களை அட்டையில் போட்டு, அமெரிக்காவின் தலைசிறந்த ராக் பேண்ட் என்று எழுதியது.

1988-இல் ஐ.ஆர்.எஸ்.ஸை விட்டு வார்னர் பிரதர்ஸுக்கு மாறினார்கள். அவர்களுடைய பாட்டு வெளிநாடுகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற குறை இருந்தது. பெரிய கம்பெனிக்குப் போனால் விலைபோய்விட்டார்கள் என்று பக்கவழி ரசிகர்கள் கோபப்படுவது வழக்கம். ஆனால் என்ன பதிவு செய்வது, எப்படி வெளியிடுவது என்ற முடிவெல்லாம் எங்களுடையது என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நாலு பேரும் ஒரே குரலில் நிற்பார்கள் என்பதால் எதிரில் இருப்பவர் ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்து வளைக்க முடியாது. அந்த ஏற்பாட்டுக்கு இப்படியும் ஒரு பலன்.

அடுத்து வந்தது 1991. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பக் ஒரு மாண்டலின் வாங்கியிருந்தார். வாசிக்கத் தெரியாது. டி.வி. பார்த்துக்கொண்டே பழகினார், பழகுவதைப் பக்கத்தில் டேப்பில் பதிவும் செய்துகொண்டார். மறுநாள் டேப்பைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் தடுமாற்றம், நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சுழற்சி. அதுதான் ‘லூசிங் மை ரிலிஜன்’ ஆனது. மற்ற ஹிட் பாட்டுகள் மாதிரி எல்லாரும் சேர்ந்து பாடும் பல்லவி அதில் கிடையாது. முன்னால் நிற்கும் வாத்தியமோ மாண்டலின். முதல் சிங்கிளாக இதையா விடுவது என்று கம்பெனியே தயங்கியது. விட்டார்கள். பில்போர்டில் நாலாம் இடம் போயிற்று. அது இருந்த ‘அவுட் ஆஃப் டைம்’ ஆல்பம் முதலிடம். உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

இந்தப் பாட்டின் தலைப்பைப் பார்த்து மதத்தை இழப்பது பற்றியது என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அமெரிக்கத் தென் மாநிலத்துப் பேச்சு வழக்கு அது. பொறுமை எல்லை மீறிப்போன நிலைமையைச் சொல்வது, நாம் ‘கழுத்து வரைக்கும் வந்துவிட்டது’ என்கிறோமே, அந்த மாதிரி. ஒருவர் மேல் வைத்த ஆசையை வெளியே சொல்லவும் முடியாமல், அடக்கவும் முடியாமல், சொன்னது அதிகமோ, குறைவோ என்று தவிக்கும் ஆளின் புலம்பல்தான் பாட்டு முழுக்க. வீடியோவை இயக்கியவர் பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். நம் வீட்டு நாட்காட்டிச் சாமிப் படங்களின் நிற்கும் தோரணையும் வண்ணமும், ஐரோப்பியத் தேவாலய ஓவியங்களின் இருட்டும் வெளிச்சமும் அதில் கலந்து கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது, எங்கோ பார்த்துப் பழகிய படம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியதன் காரணம் இயக்குநர் பெயரைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த ஆண்டு எம்.டி.வி. விருதுகளில் சிறந்த வீடியோ உட்பட ஆறு விருதுகளை அது வாங்கியது.

அதே 1991 செப்டம்பரில் நிர்வாணா பேண்டின் ‘நெவர்மைண்ட்’ வந்து எல்லா வாசலையும் அடித்துத் திறந்தது. பக்கவழி இசை ஒரே வருடத்தில் பொதுவழி இசையாகிவிட்டது. அந்தத் திடீர்ப் புகழைத் தாங்க முடியாமல் தவித்த நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன், ஆர்.இ.எம். நால்வரையும் பெரிதாக மதித்தார். வெற்றியை அவர்கள் மகான்கள் மாதிரி கையாண்டிருக்கிறார்கள் என்று ஒரு பேட்டியில் சொன்னார். கோபேனின் கடைசி மாதங்களில், சேர்ந்து பாட்டு செய்யலாம் வா என்று கூப்பிட்டு அவரை அந்த நிலைமையிலிருந்து வெளியே இழுக்க ஸ்டைப் முயன்றார். முடியவில்லை. 1994 ஏப்ரலில் கோபேன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வெற்றியை ஆர்.இ.எம். எப்படிக் கையாண்டது என்பதற்கு 1992-இல் வந்த ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ ஆல்பமே சாட்சி. ஊரெல்லாம் சத்தமான கிட்டார் இசைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. இவர்களோ குரலைத் தாழ்த்தி, சாவு, முதுமை, ஞாபகம் என்று பாடினார்கள். சில பாட்டுகளுக்கு வயலின் பகுதிகளை எழுதிக்கொடுத்தவர் லெட் ஜெப்பலின் பேண்டின் ஜான் பால் ஜோன்ஸ். தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏதென்ஸில் வீவர் டீஸ் என்ற சின்னச் சாப்பாட்டுக் கடையின் போர்டில் எழுதியிருந்த வாசகம் அது. இரண்டு பெரிய ஆல்பங்களுக்கும் அவர்கள் டூர் போகவில்லை. 1989-இல் முழுக்க ஊர் சுற்றிக் களைத்துப்போயிருந்தார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஆல்பத்தில் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ என்று ஒரு பாட்டு. மனம் உடைந்து கிடக்கும் சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேரட்டும் என்று, முணுமுணுப்புக்குப் பேர்போன ஸ்டைப் இதில் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிக்கிறார். அதன் அடித்தளத்தைப் போட்டவர் டிரம்ஸ்காரர் பெர்ரி. ஆனால் பாட்டில் தாளம் போடுவது ஒரு மலிவான டிரம் மெஷின். பாட்டுக்கு அந்த எளிய தட்டல்தான் பொருத்தம் என்று முடிவு செய்தபோது, என் பாட்டில் என் கையே இல்லையே என்ற பேச்சு எழவில்லை. பட்டா நாலு பேருக்கும் சமம் என்றான பிறகு, யார் எவ்வளவு வாசிக்கிறார் என்று அளந்து பார்க்க ஒருவருக்கும் அவசியமில்லை. பாட்டுக்கு எது நல்லதோ அதைச் செய்யலாம்.

1995-இல், ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு, உலக டூர் கிளம்பினார்கள். மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோது பெர்ரிக்குத் தாங்க முடியாத தலைவலி. மூளை ரத்தக்குழாயில் வீக்கம். அங்கேயே அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தார், மே மாதமே மேடைக்குத் திரும்பியும் விட்டார். அதே டூரில் மில்ஸுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை, ஸ்டைப்புக்குக் குடலிறக்கத்துக்காக ஒன்று. இவ்வளவுக்கு நடுவிலும் மேடை ஒத்திகைகளில் புதுப் பாட்டுகளைப் பதிவு செய்து அடுத்த ஆல்பத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டார்கள். 1996-இல் வார்னருடன் புது ஒப்பந்தம். எட்டுக் கோடி டாலர் என்று செய்தி வந்தது. அன்றைய தேதியில் இசை உலகத்தின் மிகப் பெரிய ஒப்பந்தங்களில் ஒன்று.

அந்த ஒப்பந்தத்தின் மை உலர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கும், 1997 அக்டோபரில் பெர்ரி விலகினார். சண்டை இல்லை. டூரும் பேட்டியும் போதும் என்று தோன்றிவிட்டது அவருக்கு. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் அவருக்குப் பண்ணை இருந்தது, அங்கே போய் வைக்கோல் விளைத்துக்கொண்டு இருக்க விரும்பினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். தான் போவதால் பேண்ட் கலையுமானால் போகவே மாட்டேன், நீங்கள் மூவரும் தொடர்வதாகச் சொன்னால்தான் போவேன் என்றார். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று கால் நாயும் நாய்தான், ஓடுவதற்கு மட்டும் புதிதாகப் பழக வேண்டும் என்று ஸ்டைப் சொன்னது அப்போதுதான்.

பழகுவது லேசாக இல்லை. டிரம்ஸ்காரர் போய்விட்டால் டிரம்ஸ் மட்டும் போவதில்லை. பாட்டு நீளும்போது ‘போதும், இங்கே நிறுத்து’ என்று சொல்லும் ஆள் போய்விடுகிறார். 1998-இல் வந்த ‘அப்’ ஆல்பத்தை முடிப்பதற்குள் மூவரும் பிரிந்துவிடும் நிலைமைக்கே போய்விட்டார்கள். அதற்குப் பின் வந்தவற்றில் அழகான பாட்டுகள் உண்டு, ஆனால் 2004-இன் ‘அரௌண்ட் தி சன்’ தளர்ந்த ஆல்பம். வாசிப்பவர்களுக்கே சலித்துப்போன மாதிரி கேட்கிறது என்று பக்கே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 2007-இல் ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டபோது பெர்ரியும் வந்து உடன் வாசித்தார். 2008-இல் ‘ஆக்சலரேட்’ என்ற வேகமான, குட்டையான ஆல்பம். அந்த டூரிலேயே, எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்ற பேச்சு தங்களுக்குள் ஆரம்பித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

2011 மார்ச்சில் கடைசி ஆல்பம் வந்தது. வார்னருக்குக் கொடுக்க வேண்டிய ஆல்பங்கள் அதோடு தீர்ந்தன. அட்டையில் ஸ்டைப் கையைத் தூக்கிக் காட்டுகிறார். விடைபெறுகிறார் என்று அப்போது யாரும் படிக்கவில்லை. செப்டம்பர் 21 அன்று அவர்கள் இணையதளத்தில் ஒரு சின்ன அறிவிப்பு: பேண்டை இத்தோடு முடித்துக்கொள்கிறோம். மில்ஸ் தன் பங்குக்கு எழுதியதில், எங்களுக்குள் மனக்கசப்பு இல்லை, பிரிவு இல்லை, வக்கீல்கள் மோதிக்கொள்ளவும் இல்லை என்று குறிப்பிட்டிருந்தார். ஒரு விருந்துக்குப் போனால் எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதே கெட்டிக்காரத்தனம் என்ற பொருளில் ஸ்டைப் எழுதினார்.

இது எவ்வளவு அரிது என்பதற்கு அதே தலைமுறையிலிருந்து இரண்டு பேண்டுகளைச் சொல்கிறேன். மினியாபொலிஸின் தி ரிப்ளேஸ்மெண்ட்ஸ் 1991 ஜூலை 4 அன்று சிகாகோவில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக வாத்தியத்தை டூர் பணியாளர்களிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். பேண்ட் அத்தோடு முடிந்தது. பாஸ்டனின் பிக்சீஸில், 1993-இல், பேண்ட் கலைந்துவிட்டது என்று பாடகர் பிளாக் ஃபிரான்சிஸ் முதலில் சொன்னது வானொலிப் பேட்டியில். கூட வாசித்தவர்களில் கிம் டீலுக்கும் டேவிட் லவரிங்குக்கும் ஃபேக்ஸில் தகவல் போயிற்று. இரண்டுமே நான் உயிராக நேசிக்கும் பேண்டுகள். ஏழெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்குள் ஃபேக்ஸில் பிரிவு என்பதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

இந்த இரண்டு பேண்டும் பல வருடம் கழித்து மறுபடி சேர்ந்து டூர் போயின. ஆர்.இ.எம். சேரவில்லை. 2024 ஜூன் மாதம் நியூயார்க்கில் பாட்டெழுதுபவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் நாலு பேரையும் சேர்த்தபோது, பெர்ரியும் பக்கத்தில் இருக்க, ‘லூசிங் மை ரிலிஜன்’ ஒன்றை மட்டும் வாசித்தார்கள். திரும்பச் சேர என்ன நடக்க வேண்டும் என்று அந்தச் சமயத்துத் தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டதற்கு, ஒரு வால்நட்சத்திரம் வந்தால் பார்க்கலாம் என்று மில்ஸ் பதில் சொன்னார்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ‘மர்மர்’இல் ஆரம்பிக்க வேண்டாம். அது பழகப் பழகத்தான் திறக்கும். ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’இல் ஆரம்பியுங்கள், முடிந்தால் இரவில், ஹெட்போனில். கடைசிக்கு முந்தின பாட்டு ‘நைட்ஸ்விம்மிங்’. ராத்திரியில் திருட்டுத்தனமாகப் போய் நீந்திய இளவயது நாட்களைப் பற்றியது. மில்ஸ் பியானோ வாசிக்கிறார், ஸ்டைப் பாடுகிறார், பின்னால் வயலின்களும் ஓபோ என்ற ஊதுகுழல் ஒன்றும். கிட்டார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. பக்கும் பெர்ரியும் அந்தப் பாட்டில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. கேட்டு முடித்ததும் ஆல்பத்தில் அந்தப் பாட்டை எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று இருக்கும்.